பத்தடி உயரத்தில் நான்

"யாருய்யா இந்தப் பொம்பளை?"

வாடிப்பட்டி மண்டப வாசலில் குட்டியானை வண்டியிலிருந்து இறங்கியதும் விருமாண்டி அண்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவருக்குப் பின்னால் மேளம், ஆட்டுக்கிடா, சீர்த்தட்டு ஏந்திய மேலூர்ப் பெண்கள். அவருக்கு முன்னால், மண்டபப் படிக்கு நேராகக் கட்டிய ஃப்ளெக்ஸில், பத்தடி உயரத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற நான்.

விழா என்னுடையது இல்லை. என் தொழில் கூட்டாளி முத்துப்பாண்டி அண்ணனின் மகளுக்குக் காதுகுத்து. விருமாண்டி அண்ணன்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார்ந்தால்தான் பிள்ளைக்குக் காது குத்த முடியும்.

"மேல காதணி விழான்னு போட்டிருக்கே. இந்தம்மாவுக்கா குத்துறாக?" என்றார் கூட வந்த ஒருவர்.

"இம்புட்டு வயசுக்கு மேலயா?"

"எலெக்சன்ல நிக்குதோ என்னமோ."

"எம் மருமக எங்கய்யா?" என்றார் விருமாண்டி அண்ணன்.

"அந்தா, அந்தம்மா முழங்கைக்குக் கீழ."

"நான்?"

எல்லோரும் தேடினார்கள். கடைசியில் மேளக்காரர்தான் கண்டுபிடித்தார். "அச்சகத்தோட போன் நம்பர் இருக்குல்லண்ணே, அதுக்குப் பக்கத்துல. தபால்தலை கெணக்கா."

விருமாண்டி அண்ணன் திரும்பி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "கிடாய ஏத்துங்கடா. ஊருக்குப் போறோம்."

இதற்கெல்லாம் காரணம் முழுக்க முழுக்க என் அறிவுதான்.

வில்லாபுரத்தில் முத்துப்பாண்டி அண்ணன் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தார். நான் பெங்களூரில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் வேலையில் குப்பை கொட்டிவிட்டு வந்து, அதை 'நல்வரவு' என்ற ஆப்பாக மாற்றினேன். வீட்டிலிருந்தே படங்களை ஏற்றினால் போதும். ஃப்ளெக்ஸ் தானாகத் தயாராகும், பக்கத்து ஊர் அச்சகத்துக்குத் தானாகப் போகும். இடையில் மனுசக் கண்ணே படாது. இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அதற்கு முன்னால் அண்ணன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "தாய்மாமன் யாரு? பங்காளிக எத்தனை பேரு?" என்று கேட்டுக்கேட்டுப் படம் வைப்பார்.

"அண்ணே, இது ஸ்கேல் ஆகாது."

"அப்படின்னா?"

"ஆர்டர் நூறு மடங்கானா நூறு முத்துப்பாண்டி வேணும்."

"ஒருத்தனையே ஊரு தாங்கல," என்று ஒத்துக்கொண்டார்.

மங்கலான படத்தைப் பெருசாக்கினால் முகம் இட்லி மாதிரி ஆகிறது என்று ஊர்ப்பட்ட புகார் வந்துகொண்டிருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். எந்தப் படம் ரொம்பத் தெளிவோ அது நடுவில், பெருசாக. மங்கல் எல்லாம் ஓரத்தில், சிறுசாக. நிரலை எழுதி முடித்ததும் எனக்கே என்னைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

இந்தப் புது ஏற்பாட்டுக்கு இதுதான் முதல் முகூர்த்தம். "நம்ம வீட்டு விசேசத்துக்கே நம்ம ஆப்பைத்தான் பயன்படுத்தணும்" என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். அண்ணன் 'நண்பர்கள்' வரிசையில் என் படத்தையும் ஏற்றியிருந்தார். கம்பெனிக்காக ஸ்டுடியோவில், தலை முதல் ஷூ வரை எடுத்த படம். பிள்ளை படத்தில் ஆடியிருந்தது. தாய்மாமன் படம் பழைய கல்யாண ஆல்பத்தை செல்போனில் எடுத்தது. அச்சக ஆள் ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து கட்டியதே தாய்மாமன் வண்டி வந்து நிற்கும் நேரத்தில்தான். அப்புறம் என்ன, நடந்தது நடந்துவிட்டது.

முத்துப்பாண்டி அண்ணன் மனைவி பாண்டீஸ்வரி மதினி ஓடி வந்தார். "வாணி, எங்கண்ணன் இப்பப் போனா ஆயுசுக்கும் என் வாசப்படி மிதிக்காது. உன் கம்ப்யூட்டர்ட்ட சொல்லிச் சரி பண்ணு."

"அச்சடிச்சுத் தொங்குது மதினி. அது என்ன பண்ணும்?"

"அப்ப வேற அடி."

முத்துப்பாண்டி அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்தார். "சாயந்தரந்தான் கிடைக்குமாம். முகூர்த்த நாளு. எல்லா அச்சகத்துலயும் நம்ம ஆர்டர்தான் வரிசையில நிக்குதாம்."

லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் தாங்கும் என்று கட்டியிருந்தேன். ஒரே ஒரு தாய்மாமன் வந்தார், தாங்கவில்லை.

வண்டிக்குப் போனேன். "அண்ணே, மன்னிச்சுக்கங்க. அது ஆளப் பார்த்து வைக்கிறதில்ல. படம் தெளிவா இருக்கான்னு மட்டும்..."

"அப்ப நான் தெளிவில்லாதவன்கிற?"

"இல்லண்ணே, படம்..."

"மாப்ள!" என்று முத்துப்பாண்டி அண்ணனை அதட்டினார். "அந்தம்மாவ வாயத் திறக்க வேணாம்னு சொல்லு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் அரை இஞ்சு குறையிறேன்."

வாயை மூடிக்கொண்டேன். பந்தல்காரரிடம் பிளேடும் ஏணியும் வாங்கி, ஃப்ளெக்ஸின் மேல்கட்டையில் ஏணியைச் சாத்தி ஏறினேன்.

"ஏத்தா, என்ன பண்ற?" வண்டியிலிருந்து சத்தம்.

"என்னைய இறக்குறேண்ணே."

கீழே கூட்டம் கூடிவிட்டது. "தலையிலருந்து ஆரம்பிங்கக்கா!" "அட, தோளப் பிடிச்சு வெட்டுனாத்தான் நேரா வரும்." "பிள்ளையப் பார்த்து, பிள்ளையப் பார்த்து!" என் மூக்கு என் உள்ளங்கை அகலம் இருந்தது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த வகையில் நிரலில் ஒரு குறையும் இல்லை.

காதைத் தாண்டும்போது ஏணி ஆடியது. கண்ணை மூடினேன். ஆட்டம் நின்றது. கீழே பார்த்தால் விருமாண்டி அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"விழுந்து தொலைச்சுராத தாயி. காதுகுத்து வீட்டுல கருமாதி வைக்க முடியாது. வெட்டு, வெட்டு. பாதியில நிறுத்தாத."

ஷூ வரை வெட்டி இறங்கினேன். நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே ஓட்டை. அதற்குள் மண்டபப் படி தெரிந்தது. படியில் மொட்டைத்தலைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாண்டீஸ்வரி மதினி நின்றார். அழுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. பிள்ளை மட்டும் கையை ஆட்டியது.

விருமாண்டி அண்ணன் ஓட்டை வழியாகத் தங்கச்சியையும் பிள்ளையையும் பார்த்தார். அப்புறம் தோள் துண்டை உதறிப் போட்டார்.

"என்னடா வேடிக்கை? மேளத்தை அடிங்கடா!"

சுற்றிக்கூடப் போகவில்லை. ஓட்டை வழியாகவே குனியாமல் நடந்து போனார். கிடாயும் பின்னாலேயே போனது.

ஆசாரி குத்தியபோது பிள்ளை ஒரு சத்தம், தாய்மாமன் அதைவிடப் பெரிய சத்தம். எல்லாம் முடிந்து குடும்பத்தோடு படம் எடுக்க நின்றார்கள். நான் சுருட்டிய என்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தூணோரமாக நழுவினேன்.

"எங்க போற? வந்து நில்லு," என்றார் விருமாண்டி அண்ணன்.

கடைசி வரிசையில், கடைசி ஆளாகப் போய் நின்றேன்.

"அக்கா, உள்ள தள்ளி வாங்க. பாதி முகந்தான் விழுது," என்றார் போட்டோக்காரர்.

"பாதியே அதிகம்ணே. எடுங்க."