ஒன்பதில் ஏழு

காசியம்மாவை அதிகாரி மூன்று நாள் காசிம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திருமலைராயன்பட்டினத்து மீனவர் சங்கம் மழைக்கால நிவாரணத்துக்காகக் கொடுத்த பட்டியல் இங்கிலீஷில் இருந்தது. வாசித்தவர் வெளியூர்க்காரர். காசிம் என்ற ஆண்பிள்ளை யாரும் எழுந்து வராததால் பெயரைக் கோடு போட்டு நீக்கிவிட்டார். மூன்று நாளும் காசியம்மா வரிசை ஓரத்திலேயே நின்றிருந்தாள்.

அந்தப் பட்டியலை அடித்துக் கொடுத்தவள் ரோஷன் பேகம். பி.காம். படித்தவள், வயது இருபத்தொன்பது. வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர் அவளுடைய நானா, மூத்த அண்ணன் முகம்மது இப்ராஹிம் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. மற்ற கம்ப்யூட்டர்களைப் போலப் பெரிய பெட்டி இல்லை. மெல்லிசானது, பிரியாணித் தாம்பாளம் அளவுதான் இருக்கும். அதில் கடிதமும் கணக்கும் அடித்துக் கொடுத்து, தன் செலவுக்கும் உம்மாவின் மருந்துக்கும் பிறர் கையை எதிர்பாராமல் இருந்தாள்.

"உன் மேல தப்பு சொல்லல தங்கச்சி," என்றார் சங்கத்துச் செயலாளர் மருதையன். "ஆனா அடுத்த தடவை தமிழ்ல அடிச்சுக் கொடு. எங்க பேரு எங்க பேரா இருக்கணும்ல."

அது அவள் கையில் இல்லை. தமிழ் அடிக்கும் புரோகிராம் ஒரு பிளாப்பியில் நானா அனுப்பியிருந்தார். போட்டால் ஓடாது. திரைக்கு எழுத்தை அனுப்புகிற பழைய கார்டுக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தவிர வேறெதுவும் வரையத் தெரியாது. கோடும் வளைவுமாக வரைய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். 1989-இல் அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட வேலை தெரிந்தவர் என்று எல்லாரும் சொன்ன ஒரே பெயர் நாகப்பட்டினம் தியாகராசன்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். பெட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்தச் சின்னப் பெட்டியில கார்டைப் படுக்க வச்சுத்தான் சொருகணும் மேடம். நீளக் கார்டு டிஸ்க் டிரைவ்ல இடிக்கும். குட்டைக் கார்டு ஒண்ணே ஒண்ணு எங்கிட்ட இருக்கு." பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். காற்றில் மின்சாரம் இருக்கும், ஆள் நடமாட்டம் கூடாது என்றார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது திரையில் பச்சை நிறத்தில் 'அ' நின்றது. உம்மா ஆஸியா பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தாள். அன்று தியாகராசனுக்கு வீட்டிலேயே சாப்பாடு. வெள்ளைச் சோறும் கொடுவா மீன் ஆணமும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "என் தாயார் கையில சாப்பிட்ட மாதிரி இருக்கும்மா," என்றார். "உள்ளேயெல்லாம் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். யாரும் திறக்கப்படாது."

மறுநாள் சங்கத்தின் அடுத்த பட்டியலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் அடிக்க உட்கார்ந்தாள். நூறு பெயர் தாண்டுவதற்குள் மெமரி போதவில்லை என்று மிஷின் நின்றுவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மிஷின் எழும்போது தன் மெமரியைத் தானே எண்ணும். அறுநூற்று நாற்பது வரை ஓடி நிற்கிற அந்த எண் இருநூற்று ஐம்பத்தாறில் நின்றது.

தெரு முனைக் கடையிலிருந்து போன் செய்தாள். தியாகராசன் நிதானமாகச் சொன்னார்: "புதுக் கார்டு மெமரியைத் தின்னும் மேடம். தமிழ்னா சும்மாவா?"

அவள் நம்பினாள். நான்கு நாள் நம்பினாள். ஐந்தாம் நாள் கார்டோடு வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டியபோது, கார்டுக்கு வேண்டிய மெமரி கார்டிலேயே இருக்கிறது, கம்ப்யூட்டரிலிருந்து எதையும் எடுக்காது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். அதுவரை அவள் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை.

மூடியைத் தூக்கியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. பல்லி எச்சம், கரப்பான் முட்டைக்கூடு, தூசி. சுத்தம் செய்ததாகச் சொன்ன இடம் அது. பச்சைப் பலகையின் மேல் புகையிலைத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. ஓர் ஓரத்தில் வெற்றிலை எச்சில் தெறித்துக் காய்ந்திருந்தது. புதிய கார்டின் தகட்டைக் குறடால் வளைத்து நெளித்துத் திணித்திருந்தார். கார்டு தொங்காமல் இருக்க ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருந்தார்.

மெமரிச் சில்லுகள் ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை. இரண்டாவது வரிசை காலியாக இருந்தது. ஒன்பது இடத்திலும் வெறும் துளைகள், பல் பிடுங்கிய ஈறு போல. நடுவில் காலி விழுந்ததால் அதற்குப் பின்னால் இருந்த இரண்டு வரிசையும் எண்ணிக்கையில் சேரவில்லை. அந்த வருஷம் சில்லுக்கு எங்கும் தட்டுப்பாடு என்று நானா எழுதியிருந்தது அவள் நினைவுக்கு வந்தது.

வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

"என்னம்மா செய்யுது?" என்று உம்மா ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல உம்மா. எச்சில் துப்பி வச்சிருக்கான். திருடிட்டு, அதுக்கு மேல துப்பியும் வச்சிருக்கான்."

"நஜீஸ், அசுத்தம் பிடிச்சவன்," என்றாள் ஆஸியா பீவி. தியாகராசன் உட்கார்ந்திருந்த பாயை அவளே இழுத்து வெயிலில் போட்டாள்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி நாகப்பட்டினம் போனார்கள். கடையில் தியாகராசன் ஒரு மிஷினைப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அதன் சொந்தக்காரர், காரைக்கால் வக்கீல் சண்முகசுந்தரம், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என் மிஷின்ல எடுத்த ஒம்பதையும் கொடுங்க," என்றாள் ரோஷன் பேகம்.

தியாகராசன் சிரித்தார். "எது மேடம்?"

அவள் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். முதல் வரிசையில் இருந்த சில்லுகளின் மேல் அச்சடித்திருந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அதையும் மேஜை மேல் வைத்தாள். வக்கீல் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் வீக்கா இருந்துச்சு, டெஸ்ட் பண்ண எடுத்தேன்," என்று மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். திறந்தார்.

டப்பா நிறையச் சில்லுகள். கறுப்புப் பூச்சிகளைக் கொட்டி வைத்தது போலக் கால்களும் முதுகுமாகக் குவிந்து கிடந்தன. எத்தனை வீட்டுக் கதவைச் சாத்தியிருப்பார், எத்தனை வீட்டில் தாயார் கைச்சோறு என்றிருப்பார் என்று அவள் நினைத்தாள். தியாகராசன் வெற்றிலைக் கறை படிந்த விரலால் கிளறி ஏழு சில்லை எடுத்து வைத்தார். எண் சரியாக இருந்தது.

"ரெண்டு போயிடுச்சு. அதுக்குப் பதிலா வேற ரெண்டு தர்றேன். அதே ஜாதிதான், ஓடும்." டப்பாவிலிருந்தே இன்னும் இரண்டை எடுத்து நீட்டினார்.

ஒன்பதும் இருந்தால்தான் வரிசை வேலை செய்யும். பட்டியலைச் சங்கத்துக்குக் கொடுக்க நான்கு நாள்தான் இருந்தது. அவள் கை நீண்டது. அந்த இரண்டும் உள்ளங்கையில் விழுந்தன. நல்ல சில்லுகள்தான்.

"இது யாரோடது?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் அது? வேலை நடந்தா சரிதானே."

ஒரு கணம் சரிதான் என்று அவளுக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தியாகராசன் மேல் வந்ததைவிட அது அதிகம். இரண்டையும் மேஜை மேல் வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"வக்கீலய்யா," என்றாள். "உங்க மிஷினை எண்ணிப் பாத்துக்குங்க."

சண்முகசுந்தரம் எழுந்து டப்பாவைப் பார்த்தார், பிரிந்து கிடந்த தன் மிஷினைப் பார்த்தார். "அப்படியே மூடுப்பா," என்றார் மெதுவாக. "நான் எடுத்துட்டுப் போறேன்."

ஏழு சில்லுகளோடு ஊர் திரும்பினாள். ஏழு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பெட்டியின் உள்ளே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து எச்சில் கறையை எடுத்தாள். தகட்டை நிமிர்த்தி, பீடிக் காகிதத்தை எறிந்துவிட்டுச் சுத்தமான அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தாள். பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரை நாலு துண்டாகப் பிரித்தாள். குறைந்த மெமரியில் ஒரு துண்டை அடிப்பது, அச்செடுப்பது, அடுத்தது. நான்காம் நாள் மத்தியானம் கடைசித் தாள் வந்தது.

மருதையன் தாள்களை வாங்கி நின்றபடியே வாசித்தார். காசியம்மா என்ற இடத்தில் விரலை வைத்து, "அப்படியே இருக்கு," என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்தது, கொஞ்சம்.

இரண்டு மாதம் கழித்து மருதையன் மறுபடி வந்தார். சங்கம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறதாம். "தியாகராசன்தான் வந்து போட்டுத் தர்றாரு. கெட்டிக்கார மனுசன்."

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். மருதையன் கேட்டுக்கொண்டார். பிறகு கழுத்தைச் சொறிந்தார். "எல்லா மெக்கானிக்கும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் தங்கச்சி. இந்தப் பக்கத்துல அவரை விட்டா யாரு இருக்கா?"

ரோஷன் பேகத்துக்கு வாயில் கசப்பு ஊறியது. இரண்டு மாதமாக அந்த ஆள் ஒரு வேலை குறையாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார், தெரிந்தவர்களும் கூப்பிடுகிறார்கள், வக்கீல்கூட வாயைத் திறக்கவில்லை.

"நான் இருக்கேன் அண்ணே," என்றாள். "பெட்டி வந்ததும் சொல்லி அனுப்புங்க. கதவைத் திறந்து வச்சு, உங்க எல்லார் முன்னாடியும் எண்ணிக் காட்டிட்டுத்தான் மூடுவேன்."

மருதையன் சங்கத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிடச் சங்கத்திலிருந்து ஆள் வந்தது.