ஒற்றைப்படை இல்லாத தோப்பு

வியாழக்கிழமை காலை கிணத்துக்கடவுத் தோப்பில் இருந்தவர்கள்: மரம் ஏறுகிற கதிரேசன், விழுந்த காயை எண்ணுகிற ஐயாசாமி, எண்ணிய காயைச் சுமந்து குவிக்கிற மயிலாத்தாள், அவள் மகள் அன்புச்செல்வி. முதல் மூவருக்கும் அங்கே வேலை இருந்தது. நான்காமவள் நார்வேயிலிருந்து வந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அன்புச்செல்வி புள்ளியியல் எம்.எஸ்சி.யைக் கடைசி ஆறு மாதத்தில் விட்டவள். துறைத் தலைவர் தன் புத்தகத்துக்கு அட்டவணை தட்டித் தரச் சொன்னார். முடியாதென்றாள். அப்புறம் அவரும் பலதை முடியாதென்றார். இப்போது சிங்காநல்லூரில் ரசாக்கின் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கிறாள். ஆள் வராத நேரத்தில் அவள் செய்துகொண்டிருந்தது வேறு வேலை.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளவும் பிரித்துப் பார்க்கவும் இணையத்தில் போட்டுவைத்த கணித நூலகம் ஒன்று இருந்தது. புத்தகங்களுக்குப் பதிலாக அதில் புரோகிராம்கள். ஒரு மரம் நாலு காய், பக்கத்து மரம் முப்பது காய் என்று தாறுமாறாகச் சிதறுகிற எண்ணிக்கைகளை அலசுவதற்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை. அன்புச்செல்வி எட்டு மாதம் உட்கார்ந்து அதை எழுதினாள். சோதனைக்கென்று, ஐயாசாமி மரவாரியாக எழுதிவைத்திருந்த 312 மரங்களின் எண்ணிக்கையையும் தட்டி அனுப்பினாள். நூலகத்தில் அது ஏறினால், பட்டம் இல்லாதவள் இதை எழுதினாள் என்று காட்ட உலகத்தில் ஒன்றாவது இருக்கும்.

நூலகத்தைத் தொகுத்து வெளியிடுகிற நார்வேக்காரர் பதில் போட்டார். "உங்கள் புரோகிராம்படி ஏறக்குறைய பாதி மரங்களில் ஒற்றைப்படை வர வேண்டும். நீங்கள் அனுப்பிய 312இல் ஒன்றுகூட இல்லை. தப்பு புரோகிராமிலா, எண்ணிக்கையிலா, மரத்திலா? வெள்ளி காலை எட்டு மணிக்கு இந்தப் பதிப்பை மூடுகிறேன். அடுத்தது இரண்டு வருடம் கழித்து."

அங்கே எட்டு மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. 312 எண்களைத் தன் கையால் தட்டியவள், அவற்றில் ஒற்றைப்படையே இல்லாததைக் கவனிக்கவில்லை. புரோகிராமை நாலு தடவை மேய்ந்தாள். தப்பு சிக்கவில்லை. அதனால்தான் தோப்புக்கு வந்தாள்.

"மாமா, காயை எப்படி எண்றீங்க?"

"இதென்ன கேள்வி கண்ணு? ஒண்ணு, ரெண்டுனுதான். எம்மெஸ்சில வேற மாதிரியா எண்ணுவாங்க?"

"எண்ணிக் காட்டுங்க."

ஐயாசாமி குனிந்தார். கைக்கு ஒன்றாக இரண்டு காயை எடுத்து வீசினார். "ரெண்டு." மறுபடி இரண்டு. "நாலு." பதினாறு வரை போனது. கடைசியில் ஒரு காய் மிஞ்சியது. அதைக் காலால் உருட்டி மரத்தடியில் ஒதுக்கிவிட்டு நோட்டில் பதினாறு என்று எழுதினார்.

"அந்தக் காய்?"

"எது?"

"இப்ப உருட்டி உட்டீங்களே."

"அது ஏறுனவனுக்குங்கோ அம்மணி. ஒத்தக் காய் எப்பவும் ஏறுனவனுக்குத்தான். அதை எதுக்கு எண்றது?"

அன்புச்செல்வி அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரித்தாள். எட்டு மாதமாக அவள் இப்படிச் சிரித்ததில்லை.

"புள்ளைக்கு வெயில் ஒத்துக்கல," என்றாள் மயிலாத்தாள்.

கதிரேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி மரத்திலிருந்தே குரல் கொடுத்தான். "ஏனுங்க, என்ற காய்க்குக் கணக்கு கேக்கறாங்களா?"

"காயை நீங்களே எடுத்துக்கோங்கண்ணா. எண்ண மட்டும் உடுங்க."

"எண்ண ஆரம்பிச்சா அப்புறம் தோப்புக்காரர் கண்ணுல படும். பேப்பர்ல ஏறுன காய் கைக்கு வராதுங்க."

அதில் நியாயம் இருந்தது. அவளும் ஒத்துக்கொண்டாள். ஐயாசாமியின் நோட்டை யாரும் தொடுவதில்லை, ஒற்றைக் காய்கள் தன் தாளில் மட்டும் ஏறும், அந்தத் தாள் நார்வேக்குப் போகும் என்று பேச்சானது.

"அவங்க வந்து கேக்க மாட்டாங்களே?"

"ஒரு தேங்காய்க்காகக் கப்பலேறி வருவாங்களாக்கும்," என்றார் ஐயாசாமி. "நீ ஏறப்பா."

அன்று அறுபத்து நான்கு மரத்தில் காய் வெட்டினார்கள். அவற்றில் முப்பத்தொரு மரத்தில் ஒற்றைப்படை.

வெள்ளி காலை ரசாக்கின் சென்டரில் அவள் புது எண்களைத் தட்டினாள். புரோகிராம் சொன்னதும் மரம் காய்த்ததும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பழைய 312க்கும் ஒரு விளக்கம் எழுதினாள்: இந்த ஊரில் ஜோடியாகத்தான் எண்ணுவார்கள், மிஞ்சுவது மரம் ஏறியவருக்கு. எண்ணிக்கை பதினாறு என்று இருந்தால் பதினாறோ பதினேழோ என்று கொள்ளவும். அப்படிக் கொண்டாலும் புரோகிராம் பொருந்தியது.

அனுப்பும்போது போன் லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அறுந்தது.

"அம்மணி, மணி பன்னெண்டே காலு. எனக்கு ஜும்மாவுக்கு நேரமாச்சுங்க," என்றார் ரசாக்.

"ரெண்டு நிமிசம் பாய்."

"உங்க ரெண்டு நிமிசத்தைத்தான் எட்டு மாசமா பாக்கறனே."

பன்னிரண்டு இருபத்திரண்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. ரசாக் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார், மற்ற கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார், ஃபேனையும் நிறுத்தினார். அன்புச்செல்வி வியர்வையோடு திரையைப் பார்த்தபடி இருந்தாள். இருபத்தொன்பதுக்குப் பதில் வந்தது. நார்வேக்காரர் சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது.

"சேர்த்துவிட்டேன். உங்கள் பெயர் கோப்பின் தலையில் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு இதுவரை பொறுப்பாளர் இல்லை. மூன்று பேரின் புரோகிராம்கள் காத்திருக்கின்றன. நீங்கள் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?"

அவள் அதைத் தமிழில் சொன்னாள். ரசாக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப இனி மத்தவங்க தப்பை எல்லாம் நீங்க பாக்கோணுமா?"

"ஆமாங்க பாய்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவங்க எழுதற வரைக்கும்."

"என்ற போன் பில்லை அல்லாதான் காப்பாத்தோணும். சரீன்னு எழுதுங்க. எழுதிப்போட்டு எந்திரிங்க."

சரி என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினாள். எழுந்து பையை எடுத்தாள். ரசாக் அவளை முன்னால் விட்டு, தானும் வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினார்.