மின்மினியின் வரிசை

ஆறு நாளும் நான்கு மணி நேரமும் அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாய் திறக்காமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் ‘பூனை’ என்றே பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆனால் இன்று பதினோரு மணிக்கு, கூடத்தின் தலைவரான மேடம் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அதைப் பார்த்துத்தான் தொழிற்சாலை முதல் நோயாளிகளுக்கான மின்மினியைச் செய்யும். தாளில் இருந்த வரிசையில் செய்தால் அது ஒளிராது.

மின்மினி என்று அவர்கள் செல்லமாகச் சொன்னது ஒரு பெப்டைடை. ஏழு அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. ஒரு முனையில் ஒளிரும் சாயம். மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் மூடி. ரத்தத்தில் ஓடும்போது இருட்டுதான். புற்றுக்கட்டியில் மண்டிக் கிடக்கும் ஒரு நொதி சங்கிலியை வெட்டியதும் மூடி கழன்றுவிடும், கட்டி ஒளிரும். கட்டி எங்கே முடிகிறது என்று அறுவைச் சிகிச்சை செய்பவர் திரையில் பார்த்தே வெட்டலாம்.

வரிசையை யோசித்து எழுதியவர் மேடம். பதினோரு வருஷ உழைப்பு. முன்பு இரண்டு பேர் செய்து பார்த்தும் இருட்டே மிஞ்சியது. சாயத்தின் மேல் பழியைப் போட்டார்கள். இவள் செய்தபோதுதான் ஒளிர்ந்தது. கைராசி என்று ஆளாளுக்குக் கொண்டாடினார்கள்.

கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வாரம் இயந்திரம் பழுது. கையால் கோத்தாள். தாளில் சங்கிலியைத் தலையிலிருந்து வாலுக்கு எழுதுவார்கள். கோக்கும்போது வாலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் எழுதியிருந்தபடியே இடக்கோடியில் தொடங்கிவிட்டாள். எடை பார்க்கும் கருவியும் காட்டிக்கொடுக்கவில்லை. அதே ஏழு, அதே எடை; வரிசை அதற்கு எப்படித் தெரியும்?

பழுது நீங்கிய இயந்திரத்தில் மறுபடி செய்தபோது ஒளி இல்லை. பழைய குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு அமிலத்துக்கும் அடியில் சேர்த்த நேரம், இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போனது. வேண்டுமென்றே தலைகீழாக இன்னொரு முறை கோத்து, கட்டித் துண்டின் மேல் விட்டாள். கட்டியின் விளிம்பு கோடு கிழித்தாற்போல் எரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, வெட்கமில்லாமல், ஒரு பெருமையும் வந்தது. அது ஆறு நாளுக்கு முன்.

காலையில் புறப்படும்போது அத்தான் மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரை மடக்கி வைத்திருந்தார்.

“எங்க கொழுந்தியா செஞ்ச லைட்டு சார்! கேன்சர் எங்க ஒளிஞ்சாலும் காட்டிக் குடுத்துடும்!”

“போதும், அவரு ஆபீஸ் போகணும்,” என்றாள் அக்கா. பிறகு தங்கையிடம் மெதுவாக, “ஏண்டி ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

பதினோரு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரிய மருத்துவமனையின் சர்ஜனும் வந்திருந்தார். எந்த ஆர்டர் வெளியே போனாலும், செய்தவர் வரிசையை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் தாளில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம்.

“என் டேபிள்ல எத்தனையோ பேருக்கு ஓரம் தெரியாம வெட்டியிருக்கேன்,” என்றார் சர்ஜன். “இது வந்தா அந்தக் கஷ்டம் தீரும்.”

“பூனை படிக்கட்டும்,” என்றார் மேடம். “இது அவ குழந்தை.”

“சத்தமா படிம்மா,” என்றார் எடைக் கருவியைக் கவனிக்கும் அண்ணன். “போன தடவை நீ படிச்சப்ப ஏசி சத்தம்தான் கேட்டுச்சு.”

சிரித்தார்கள். அவள் எழுந்தாள். தாளில் இருப்பதை அப்படியே படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். மேடத்தின் பதினோரு வருஷம் பத்திரமாக இருக்கும். அந்த சர்ஜன் மட்டும் திறந்த வயிற்றின் முன்னால் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“க்ளைசின்,” என்று வலக்கோடியிலிருந்து தொடங்கினாள். “லூசின்...”

விரல்கள் தாளில் தடுமாறின.

“பூனை, தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கியா?” என்றார் அண்ணன்.

அவள் நிறுத்தவில்லை. ஏழையும் படித்து முடித்தாள். குரல் கடைசி நாற்காலி வரை போனது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேடம் பேனாவை மூடினார். “சரியாப் படிச்சியா?”

“சரியாத்தான் படிச்சேன் மேடம். மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன். உங்க வரிசைல செஞ்சது எரியல. எரியறது இதுதான். நான் தலைகீழா கோத்துட்டேன்.”