இரண்டு பேர் தூக்க வேண்டியது

பெட்டியைக் கொண்டுவந்த ஆள் அதை வாசலோடு இறக்கிவிட்டுக் கையெழுத்துக்காகத் தன் கருவியை நீட்டினான். "உள்ள வச்சுட்டுப் போங்களேன், பட்டறை பின்னாடிதான் இருக்கு" என்று அண்ணி கேட்டுப் பார்த்தாள். "வாசல் வரைக்கும்தாங்க எங்க வேலை" என்றான். சொல்லும்போதே அவன் ஒரு கால் வண்டியில் ஏறிவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவதுபோலப் படம் போட்டிருந்தது. பக்கத்திலேயே ஒற்றை ஆள் தூக்கும் படம், அதன் மேல் குறுக்கே கோடு. அண்ணி அந்தப் படத்தைப் பார்த்தாள். தெருமுனையைப் பார்த்தாள். நாத்தனாரைக் காணோம்.

"காலையிலேயே வந்துடறேன் அண்ணி, நான் இல்லாம பெட்டியைப் பிரிச்சுடாதீங்க" என்று முந்தின நாள் சாயங்காலம் விரலை ஆட்டி எச்சரித்துவிட்டுப் போனவள். இப்போது போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது.

மரக்கடைக்காரர், வார்னிஷ் விற்பவர், எதிர்வீட்டுத் தையல்காரி என்று எல்லோருக்குமே அவள் அண்ணிதான். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி நிலைத்துவிட்டது. அந்த உறவுக்குக் காரணமானவன் வீட்டை விட்டுப் போய், கோர்ட் படியேறி இறங்கி, எல்லாம் முடிந்து இரண்டு வருஷமாகிறது. அவன் போனான், அவன் தங்கை போகவில்லை. தீர்ப்பு வந்த மறுநாள் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, பட்டறை மேலங்கியை மாட்டிக்கொண்டு, "அண்ணி, உப்புத்தாள் தீந்துபோச்சு" என்றாள். அண்ணி உப்புத்தாள் வாங்கக் கிளம்பினாள். அதோடு சரி. அந்தப் பேச்சை இருவருமே அதற்குப் பிறகு எடுத்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துவதற்கென்று கட்டிய கொட்டகைதான் பட்டறை. சின்னப் பிள்ளைகளுக்கான மரச்சாமான்கள் செய்கிறார்கள். அடுக்கு வளையம், உருட்டு வண்டி, முக்கியமாகக் குச்சிப் பலகை. வரிசையாகத் துளை போட்ட பலகை, துளைக்குத் துளை வண்ணக் குச்சி. பிள்ளைகள் செருகுவார்கள், பிடுங்குவார்கள், மறுபடி செருகுவார்கள். கேட்க எளிதாக இருக்கும். கைத் துளைப்பானைப் பிடித்துக்கொண்டு நூறு துளை போட்டால் அதில் பத்துத் துளையாவது சாய்ந்துவிடும். போன முறை அனுப்பிய பலகைகளை ஒரு மழலையர் பள்ளி திருப்பி அனுப்பிவிட்டது. அந்த டீச்சர் கோபப்படக்கூட இல்லை. "குச்சி மாட்டிக்குதுங்க, பிடுங்க முடியாம ஒரு பிள்ளை அழுதுட்டா" என்றார். அண்ணிக்கு அது சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால்கூடத் துடைத்துப் போட்டிருப்பாள்.

ஆடாமல் நின்று நேராகத் துளைக்கிற மெஷின் வாங்குவது என்று முடிவானது அன்றைக்குத்தான். எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. மூடப்போகிற ஒரு பட்டறையில் பழைய மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. வார்ப்பிரும்பு, யானைக்குட்டி மாதிரி அசையாமல் நின்றது. கைப்பிடியை இழுத்துப் பார்த்தபோது கை தானாக வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அண்ணியின் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. நாத்தனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலே மூடி இல்லாமல் ஓடும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தலைமுடி இதுல சிக்கினா என்ன பண்ணுவீங்க?" என்றாள். முடியைக் கட்டிக்கொள் என்று அண்ணி சொன்னது எடுபடவில்லை. நாத்தனார் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, புது மெஷின் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வேகத்தைத் திருகிக் கூட்டலாம் குறைக்கலாம், ஆழத்தை எண்ணில் காட்டும், கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, மேசை மேலேயே வைத்துக்கொள்ளலாம். அண்ணி ஒரு வாரம் முரண்டுபிடித்தாள். பிறகு, வேலை செய்கிறவளுக்குப் பயம் இருந்தால் மெஷின் எதற்கு என்று விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்துவிட்டாளே தவிர, பழைய மெஷினின் கைப்பிடி உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

பெட்டியைத் தூக்க முடியாததால் வாசலிலேயே கிழித்து, துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோனாள். அடித்தட்டு, தூண், பலகையை வைக்கும் மேடை, கைப்பிடிகள், ஒரு பை நிறைய போல்ட்டு. எல்லாவற்றின் மேலும் பிசுபிசுவென்று கிரீஸ். மோட்டாரோடு சேர்ந்த தலைப்பகுதி மட்டும் அசைய மறுத்தது. அதைப் பழைய சாக்கில் வைத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போனாள். செய்முறைத்தாளில் எறும்பு ஊர்ந்ததுபோலப் படங்கள். மூன்றாவது படத்துக்கும் நாலாவது படத்துக்கும் நடுவில் ஏதோ மாயம் நடந்து, தரையில் கிடந்த மேடை தூணில் ஏறியிருந்தது. எப்படி ஏறியது என்று படம் போட்டவனுக்கே வெளிச்சம்.

தூணை அடித்தட்டில் முடுக்கினாள். மேடையை ஏற்றி இறக்கும் பல்சட்டத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தாள். கழற்றித் திருப்பி மாட்டினாள். அதற்குள் ஒரு வாஷர் உருண்டு மரத்தூளுக்குள் போய்விட்டது. முட்டி போட்டுத் தேடும்போது மேசை விளிம்பில் தலை இடித்தது. போனைப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. "வரட்டும், வச்சுக்கறேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். தலைப்பகுதியைத் தூண்மேல் ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. தனியாகத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்கு வந்தது, அதற்குமேல் இடுப்பு வேண்டாம் என்றது. இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

நாத்தனார் வந்தபோது வெயில் கொட்டகைக்குள் பாதி தூரம் ஏறியிருந்தது. இஸ்திரி கலையாத வெளிர்நீல உடுப்பு, காதில் தொங்கட்டான், புதுச் செருப்பு. பட்டறைக்கு யாரும் அப்படி வருவதில்லை.

"பிரிக்காதீங்கன்னு சொன்னேனே அண்ணி."

"வாசல்ல வச்சு அழகு பாக்கச் சொல்றியா? போனை எடுக்க என்ன கேடு?"

நாத்தனார் தொங்கட்டானைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். மேலங்கியைத் தேடாமல் நேராக வந்து தலைப்பகுதியின் மறுபக்கம் குனிந்தாள். "வாங்க, தூக்கிடுவோம்."

தூக்கினார்கள். இடுப்பு, மார்பு, தோள். தூணின் உச்சி தலைப்பகுதியின் குழிக்குள் நேராக இறங்க வேண்டும். "என் பக்கம் கொஞ்சம். ஐயோ, ரொம்ப வந்துடுச்சு. உன் பக்கம்." விளிம்பில் சாய்வாக மாட்டிக்கொண்டு, இறங்கவும் இல்லை, வரவும் இல்லை. இரும்புக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"அண்ணி. இன்னிக்கு அண்ணனுக்குக் கல்யாணம். பதிவு ஆபீஸ்ல. நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்."

அண்ணியின் கை தளரவில்லை. தளர்த்தினால் நாத்தனாரின் காலில்தான் விழும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "உன் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றாள். நாத்தனார் தூக்கினாள். தலைப்பகுதி ஒரு முனகலோடு தூணில் இறங்கி உட்கார்ந்தது.

அண்ணி அலன்கீ சாவியை எடுத்துப் பக்கவாட்டுத் திருகுகளை முடுக்கினாள். ஒன்றை முடுக்கி, அடுத்ததை முடுக்கி, முதலாவதை மறுபடி முடுக்கினாள்.

"இதைச் சொல்ல வேற நேரமே கிடைக்கலையா?"

"கீழ வச்சப்புறம் சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க."

அது உண்மைதான் என்பதால் அண்ணிக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அவன் கல்யாணம் செய்துகொண்டதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அப்படித்தான் நினைத்தாள், தடவிப் பார்த்தால் அந்த இடம் மரத்துத்தான் கிடந்தது. வலி வேறெங்கோ இருந்தது. நேற்று சாயங்காலம் விரலை ஆட்டிப் பேசியபோது இவளுக்குத் தெரியும். போன வாரம் மெஷினுக்கு ஆர்டர் போட்டபோதும் தெரிந்திருக்கும். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து குச்சிக்கு வண்ணம் அடித்துக்கொண்டே இதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள்.

"உங்க அம்மா போனாங்களா?"

"போகல. படியேற முடியாதுன்னுட்டாங்க. அதான் நான் போனேன். அவன் பக்கத்துல நிக்க ஆளே இல்ல அண்ணி."

அண்ணி, துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற 'சக்' என்ற பாகத்தை எடுத்து, அதன் தண்டைத் தலைப்பகுதியின் அடியிலிருந்த இன்னொரு குழிக்குள் தள்ளி, மரச்சுத்தியால் கீழிருந்து தட்டினாள். பிட்டை மாட்டினாள். ஒரு துண்டுப் பலகையை மேடையில் வைத்து மெஷினைப் போட்டாள். நன்றாகத்தான் சுற்றியது. கைப்பிடியை இழுத்ததும் பிட் பலகையைத் தொட்டது, தொட்ட மாத்திரத்தில் சக் மொத்தமாகக் கழன்று மேடையில் விழுந்து துள்ளியது. நாத்தனார் ஸ்விட்சை அறைந்து அணைத்தாள். பிட் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

மறுபடி தட்டினாள், இன்னும் பலமாக. மறுபடி விழுந்தது. இந்த முறை மேடையின் பளபளப்பில் ஒரு வடு.

"பாரு. நல்லாப் பாரு. நீ தேடித் தேடி எடுத்த லட்சணம். எண்ணு காட்டுதாம், கண்ணாடி இருக்காம். பிடிக்க வேண்டியதைப் பிடிக்கத் துப்பில்ல. அந்தப் பழைய மெஷின் இந்த மாதிரி கழுத்தறுக்குமா?"

"மெஷினைத் திட்டுறீங்களா, என்னைத் திட்டுறீங்களா?"

"ரெண்டையும்தான்."

நாத்தனார் போனை எடுத்து விற்பனைக்காரரின் உதவி எண்ணுக்கு அடித்தாள். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு. கடைசியில் ஒரு பெண் குரல் வந்து, பெட்டி பத்திரமாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றது. கிழிந்த அட்டை வாசலில் கிடந்தது. "பெட்டி இல்லைங்க" என்றாள் நாத்தனார். "அப்ப சிரமம்தான் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் புறங்கையால் துடைக்கப்போய்க் கன்னத்தில் கிரீஸ் அப்பியது. அவள் விரலைப் பார்த்தாள் அண்ணி. தன் விரலைப் பார்த்தாள். எழுந்து, சக் போய் உட்கார வேண்டிய குழிக்குள் சுண்டுவிரலை விட்டாள். உள்ளே வழுவழுவென்று கிரீஸ், விரல் நகம் மூழ்கும் அளவுக்கு. துரு பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பியது. அதைத் துடைக்காமல் தட்டினால் எவ்வளவு பலமாகத் தட்டினாலும் நிற்காது. மெஷின்கள் நடுவே இத்தனை வருஷம் காலம் தள்ளியவளுக்குத் தெரியாததில்லை. தெருமுனையிலும் போனிலும் கண்ணை வைத்துக்கொண்டு வேலை பார்த்தால் இப்படித்தான்.

"தின்னர் டப்பாவை எடு" என்றாள். "அந்தத் துணியையும்."

குழியையும் தண்டையும் துடைத்தார்கள். துணி கறுத்தது, வேறு துணி எடுத்தார்கள். தட்டியதும் இந்த முறை சத்தமே வேறாக இருந்தது, கதவு சாத்திக்கொண்டதுபோல. அண்ணி இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டும்தான். தன்மேலேயே வந்த கோபத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

புதுப் பிட்டை மாட்டி, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை மேடையில் நிறுத்திப் பிட்டோடு சேர்த்துப் பார்த்தாள். நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. மேடை சாய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் போல்ட் மேடைக்கு அடியில். ஒருவர் குனிந்து திருப்ப வேண்டும், ஒருவர் மேலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நாத்தனார் அந்த வெளிர்நீல உடுப்போடு மரத்தூளில் முட்டிபோட்டு, ஸ்பேனரோடு அடியில் தலையை நுழைத்தாள்.

"இடது பக்கம். கொஞ்சம். அவ்வளவு போகாதே."

"இப்ப?"

"இன்னும் மயிரிழை." அண்ணி மூலைமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்: "அவளை எப்படிக் கூப்பிட்ட?"

அடியில் ஸ்பேனர் நின்றது.

"யாரை?"

"யாரைன்னு உனக்குத் தெரியும்."

பிறகு மேடைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "எதுவும் கூப்பிடல. 'இங்க பாருங்க'ன்னேன். அப்புறம், 'ஏங்க'ன்னேன். ஒரு தடவை முதுகைத் தட்டிட்டேன். அவங்க பயந்துட்டாங்க."

அண்ணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே வேறெதுவாகவோ ஆகப் பார்த்தது. மூலைமட்டத்தை மறுபடி சரியாக நிறுத்தினாள். ஏங்க, ஏங்க என்று எத்தனை நாளைக்கு ஓட்டுவாள்? என்றைக்காவது ஒருநாள், ஒரு சமையலறையில், கைவேலையாக இருக்கும்போது தன்னை அறியாமல் அந்த வார்த்தை வாயில் வந்துவிடும். அப்படி வந்தால் தப்பென்றும் சொல்ல முடியாது.

"அண்ணி? சரியா இருக்கா? கை வலிக்குது."

வெளிச்சக் கோடு போயிருந்தது. "சரியா இருக்கு. முடுக்கிட்டு வெளிய வா."

நாத்தனார் வந்தாள். முட்டியில் மரத்தூள், முன்பக்கம் முழுக்கக் கிரீஸ். அந்த உடுப்பை இனி எந்தச் சோப்பும் காப்பாற்றாது. அண்ணி துண்டுப் பலகையை வைத்து, மெஷினைப் போட்டாள். நாத்தனார் சொல்லாமலே வந்து பலகையின் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கைப்பிடியை இழுத்தாள். பழைய மெஷினைப்போல இறங்கவில்லை, கொஞ்சம் முரடாகத்தான் இறங்கியது. ஆனால் நேராக இறங்கியது.

மோட்டார் இரைச்சலில் நாத்தனார் என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. என்ன என்று கேட்க மெஷினை அணைக்க வேண்டும். அண்ணி அணைக்கவில்லை, கைப்பிடியை ஏற்றிவிட்டுப் பலகையை ஒரு விரற்கடை நகர்த்தினாள், நாத்தனாரும் கூடவே நகர்த்தினாள். மறுபடி இறக்கினாள். பிட்டைச் சுற்றி வெள்ளைச் சுருள்கள் எழுந்து, பலகையை அழுத்திக்கொண்டிருந்த கைகளின் மேல் சூடாக உதிர்ந்தன. இருவரும் கையை எடுக்கவில்லை.