ஆம்புலன்ஸுக்கு நீலம் போட்டது

"நாம வெள்ளைதானப்பா அடிக்கச் சொன்னோம்?"

"வெள்ளைதானுங்க அடிச்சோம்."

"இது வெள்ளையா?"

"காஞ்சா வெளுத்துருமுங்க."

"இனி எப்பக் காயறது? நேத்து மத்தியானமே அடிச்சு முடிச்சாச்சுங்கறே. தொட்டுப் பாரு, கையில ஒட்டுதான்னு."

தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. மொறமொறவென்று காய்ந்திருந்தது. காய்ந்தும் ஆகாயக் கலரில் நின்றது எங்கள் ஆம்புலன்ஸ். வண்டியை வாங்கி ஓட்டும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் சாமியப்பன் அதை இன்னொரு சுற்றுச் சுற்றினார். டிரைவர் நாச்சிமுத்து அண்ணன் வேப்ப மரத்தில் சாய்ந்து பீடி பற்ற வைத்தார்.

"சோடாக் கம்பெனி வண்டின்னு கை காட்டி நிறுத்தப் போறாங்க, பாருங்க" என்றார்.

"நீயும் கூட இருந்துதானய்யா அடிச்சே? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"தம்பி பட்டறைக்காரருங்க. துணிய வெளுக்கறவருக்கு வெள்ளையைப் பத்தி நான் என்னத்தச் சொல்றது?"

அவர் சொன்னது என்னைக் குத்தத்தான். ஆனால் தப்பு நடந்ததும் அதனால்தான். நான் நல்லூரில் ஒரு பிளீச்சிங் பட்டறையில் வேலை செய்கிறேன். பனியன் துணியை எவ்வளவு வெளுத்தாலும் அதில் ஒரு பழுப்பு மிச்சம் இருக்கும். அதைக் கொல்லக் கடைசித் தண்ணீரில் நீலம் கலப்போம். நீலம் படாத வெள்ளையை எங்கள் தொழிலில் யாரும் வெள்ளையென்று சொல்லமாட்டார்கள். இன்னொன்று, ஈரத்தில் துணி நல்ல நீலமாகவே தெரிய வேண்டும். காய்ந்தால் நிறம் இறங்கி வெளுத்துவிடும். ஈரத்திலேயே வெள்ளையாகத் தெரிந்தால் காய்ந்தபிறகு பழுப்பேறிவிடும். இது என் கண்ணுக்குப் பழகிப் போன கணக்கு.

வண்டியோ சண்டைக் காலத்துப் பட்டாளத்து வண்டி. ஏலத்தில் வந்தது. பாசிப் பச்சை. சங்கம் கொடுத்த பணத்துக்கு இரண்டு டின் வெள்ளைப் பெயிண்ட்தான் கிடைத்தது. முதல் டின்னைத் திறந்து ஓர் ஓரத்தில் இழுத்துப் பார்த்தேன். அடியிலிருந்த பச்சை மேலே தெரிந்து வெள்ளை அழுக்காக இருந்தது. பட்டறைக்கு ஓடிப்போய் ஒரு பொட்டலம் நீலம் கொண்டுவந்து பாதியைக் கொட்டிக் கலக்கினேன். ஈரத்தில் நீலமாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பெயிண்ட் துணி மாதிரி இறங்காது என்பது மறுநாள் விடிந்தபிறகுதான் தெரிந்தது.

"இன்னொரு டின் இருக்குதல்ல?" என்றார் சாமியப்பன். "அதுல நீலம் கீலம் ஒண்ணும் போடாம மேல ஒரு கோட்டு அடி. நான் ஈரோடு போய்ட்டு சனிக்கிழமை வாரேன். வண்டி வெள்ளையா நிக்கோணும்."

சரியென்றேன். சொல்லிவிட்டுச் சாப்பிட அக்கா ஊட்டுக்குப் போனேன்.

வண்டிக்கு வேறு கலர் அடிக்க வேண்டும் என்று சங்கத்தை நச்சரித்தது நான்தான். காரணம் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் ஊட்டிலேயே கிடந்து, கடைசியில் அந்தப் பச்சை வண்டியில்தான் கோயமுத்தூருக்குப் போனாள். குழந்தை தங்கவில்லை. திரும்பி வரும்போது அதே வண்டியில் மாமா மடியில் ஒரு துணி மூட்டையாக அது வந்தது. எங்கள் பக்கம் அந்த வண்டியைக் கூப்பிடுவதே முடியாத கட்டத்தில்தான். அதனால் அதில் போனவர்கள் பாதிப் பேர் உயிரோடு திரும்பியதில்லை. வண்டி தெருவில் நுழைந்தாலே பொம்பளைகள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இப்போது அக்காவுக்கு எட்டு மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்தவுடன் கோயமுத்தூர் கொண்டுபோக வேண்டும், ஊட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று நர்ஸ் மருதம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அக்கா அதைவிடக் கண்டிப்பாக, அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றாள். வாடகைக் கார் பிடிக்க மாமாவிடம் வசதியில்லை. கார்க்காரர்களும் பிரசவக்காரி என்றால் வரமாட்டார்கள்.

ரங்காத்தாள் என்று என் அக்காவுக்குப் பெயர். சாதுவான பெயர். ஆள் அப்படியில்லை.

"ஊரே சிரிக்குதாமா?" என்றாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

"அதுக்குள்ள யாரு சொன்னது?"

"நாச்சிமுத்தண்ணன் இந்த வழியாத்தான் போனாரு. உங்க தம்பி வண்டிய நீலத் தொட்டியில முக்கியெடுத்துட்டாருன்னாரு."

"மேல வெள்ளை அடிக்கப் போறேன் அக்கா. சனிக்கிழமைக்குள்ள சுத்த வெள்ளையாயிரும். பழைய வண்டின்னே தெரியாது. அப்ப ஏறுவீல்ல?"

அவள் ரசத்தை ஊற்றினாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன். நீ அந்த வண்டிக்குள்ள படுத்திருக்கியா?"

"நான் எதுக்குப் படுக்கறேன்?"

"நான் படுத்திருக்கறேன். போகவர ரெண்டு தடவ. வெளிய என்ன கலருன்னு எனக்கென்ன தெரியும்? மல்லாக்கப் படுத்தா மேல இருக்கற தகரந்தான் தெரியும். பச்சைத் தகரம். வரிசைக்குப் பதினாலு ஆணி, மூணு வரிசை. சூலூரு தாண்டறதுக்குள்ள எத்தனை தடவ எண்ணியிருப்பேன். திரும்பி வாரப்பவும் அதையேதான் எண்ணுனேன்."

நான் கையைத் தட்டிலேயே வைத்திருந்தேன்.

"நீ வெளிய தங்கத்தையே பூசு. உள்ள கூப்பிட்டுப் படுக்க வெச்சா அதே தகரந்தான?"

வண்டி ஷெட்டுக்குத் திரும்பிப் போனேன். பின்கதவைத் திறந்து ஸ்டிரெச்சரில் படுத்துப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. வேறெதுவும் தெரியவில்லை. பச்சை, துருப்பிடித்த ஆணிகள், ஒரு மூலையில் யாரோ கையை ஊன்றிய கறை. இந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாததே இல்லை என்று நினைத்திருந்தேன். நாச்சிமுத்து அண்ணனோடு சேர்ந்து எஞ்சினைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், டயர் எந்த வருஷம் மாற்றியது என்று தெரியும். படுத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

நாச்சிமுத்து அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரிக்கா?"

"அண்ணா, இந்த டின்னை உள்ளாற அடிச்சா?"

"வெளிய?"

"வெளிய நீலமாவே கிடக்கட்டும்."

"கிடக்கும். செயலாளரு நம்மள எங்க கிடத்துவாருன்னுதான் ரோசனை."

சொன்னாரே தவிர, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர்தான் முதலில் துருவைச் சுரண்ட ஆரம்பித்தார்.

ஒரே டின்னில் கூரைக்கும் பக்கங்களுக்கும் இரண்டு கோட்டு வந்தது. நீலம் போடவில்லை. முதல் கோட்டு காய்ந்தபோதே வெண்ணெய்க் கலரில் இருந்தது. என் கண்ணுக்கு அது வெள்ளையே இல்லை. நீலப் பொட்டலத்தின் மிச்சத்தை ஜேப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை டின்னருகே போய்விட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை, நாள் ஆகும் முன்பே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. வண்டி தெருவில் நுழைந்தபோது யாரும் கதவைச் சாத்தவில்லை. என்ன வண்டியென்றே தெரியாமல் நாலைந்து குழந்தைகள் பின்னாலேயே ஓடிவந்தன. ஆனால் அக்காவுக்குத் தெரியும். மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரலீங்க" என்றாள் அவரிடம். "மருதம்மாளையே வரச் சொல்லுங்க."

நான் பின்கதவைத் திறந்தேன். அவள் தலையை மட்டும் உள்ளே நீட்டி மேலே பார்த்தாள். அடுத்த வலி வந்து போகும்வரை அப்படியே கதவைப் பிடித்து நின்றாள். பிறகு, "பெயிண்டு நாத்தம் கொடலப் பெரட்டுது" என்று சொல்லிவிட்டு ஏறிப் படுத்தாள்.

மாமா முன்னால் ஏறிக்கொண்டார்; நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பல்லடம் தாண்டும்வரை அக்கா கூரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு அசைகிறதா என்று பார்த்தேன். இல்லை.

"அந்த மூலையில விட்டுப்போட்டியே" என்றாள் திடீரென்று.

நிமிர்ந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை தெரிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்து அடிச்சிரு" என்றாள்.

சூலூருக்கு முன்னால் ஒரு பருத்தி லாரி நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அண்ணன் ஹாரனை விடாமல் அடித்தும் வழி விடவில்லை. ஒதுங்க இடமிருந்தும் விடவில்லை. கடைசியில் பக்கத்தில் உரசிக்கொண்டு போனபோது அந்த டிரைவர் எட்டிப் பார்த்து, "சோடா வண்டிக்கு என்னய்யா இத்தனை அவசரம்?" என்று கத்தினான். அந்த லாரிக்குப் பின்னால் நாங்கள் கழித்தது கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் அக்கா இரண்டு தடவை என் கையைக் கடித்தாள்.

ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். இன்னும் பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்புவார்களாம். கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னதாக மாமா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கமிட்டி கூடுகிறது. சாமியப்பன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் வெள்ளையாக இருப்பது அழகுக்கில்லை, ரோட்டில் போகிறவன் பார்த்து ஒதுங்குவதற்கு என்கிறார் அவர். அந்த லாரியை நினைத்தால் அவர் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் வெளியே வெள்ளையாக்கி உள்ளே பச்சையாகவே விட்டிருந்தால், அக்கா அந்த வாசலிலிருந்து நகர்ந்தே இருக்கமாட்டாள். இரண்டுக்கும் போதுமான பெயிண்ட் எங்களிடம் இல்லை. இருந்தது ஒரே ஒரு டின். நீங்களாக இருந்தால் அதை எங்கே அடித்திருப்பீர்கள், சொல்லுங்களேன்?