மணி வயர்

காலையிலிருந்து நாலாவது பியூஸும் போனபோது டிரைவர் லாரியை நேராக கரண்டின் கடைக்கு விட்டார். கரண்டு என்பது அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஊர் வைத்த பெயர். வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். டிரெய்லர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், பின்விளக்குகள் மொத்தமாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பழைய வண்டியில் டிரெய்லர் விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ். புதிதாகப் போட்டால் அடுத்த பள்ளம் வரைக்கும்தான் அதற்கு ஆயுள்.

பியூஸ் பெட்டியைத் திறந்த கரண்டு முகம் சுளித்தார். பத்து ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது செருகியிருந்தது. அதுவும் கருகியிருந்தது. வண்டியைக் கொளுத்துவதென்றால் ஒரு தீக்குச்சி போதுமே, இத்தனை மெனக்கெடுவானேன் என்று கேட்டார். டிரைவர் பல்லைக் காட்டிச் சமாளித்தார்.

இது ரெண்டு ஆள் வேலை, மச்சினனைக் கீழே இறங்கச் சொல் என்றார் கரண்டு.

"தூங்குறான்" என்றார் டிரைவர்.

எங்கே போனாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடையில், டோல்கேட்டில், சரக்கு ஏற்றுகிற இடத்தில், யார் கேட்டாலும் மச்சினன் தூங்குகிறான். இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கையிலோ டிரைவரின் அழுக்குச் சட்டைகள்தான் தூங்கின. மனைவியின் தம்பி அவரை விட்டுப் போய் ஒரு வெயில் காலமே முடியப்போகிறது.

போன காரணமும் அந்த ஒரு வார்த்தைதான். மழை விட்ட சமயம், ஒரு சரக்குக் கிட்டங்கியில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது சுவரோடு சேர்த்து இடித்துவிட்டார். பின்னால் நின்று வழி சொன்னவன் மச்சினன். அவனுக்குக் குரல் எழும்பாது. இன்ஜின் இரைச்சலில் அவன் கத்துவது கேட்காது. அதனால் டிரெய்லரின் வாலில் ஒரு சுவிட்சும், அங்கிருந்து கேபினுக்கு ஒரு மணியும் அவனே பொருத்தியிருந்தான். ஒரு அடி அடித்தால் நில், ரெண்டு அடித்தால் வா. அன்றைக்கு மணி அடிக்கவே இல்லை. கிட்டங்கி முதலாளி ஓடி வந்ததும், டிரைவர் பழியை அப்படியே தூக்கி அவன் தலையில் கட்டினார். பத்துப் பேர் முன்னால், வாய் கூசாமல், "தூங்கிட்டான்" என்றார். "அழுத்தினேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். கோபத்தில் டிரைவர் மணியைப் பிய்த்துக் குப்பையில் எறிந்தார். வயரை யார் நினைத்தார்கள்?

அன்று முதல் வீட்டிலும் பேச்சு வற்றிப்போனது. மனைவி கேட்டதற்குப் பதில் சொல்வாள், தானாக ஒன்றும் சொல்ல மாட்டாள். டிரைவருக்கு அது பழகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனக்குத்தானே பேசப் பழகியிருந்தார்.

கரண்டு பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கோத்தார். எங்கே வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுகிறதோ, அந்த இடத்தை அசைக்கும்போது பல்பு பளிச்சென்று எரியும், பியூஸ் வீணாகாது. மச்சினன்தான் தூங்குகிறானே, நீயே உட்கார்ந்து பல்பைப் பார் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு டிரெய்லருக்கு அடியில் நுழைந்தார். முன்பக்க இணைப்பை ஆட்டினார், ஒன்றுமில்லை. பக்கவாட்டு விளக்குகளைத் தட்டினார், ஒன்றுமில்லை. அச்சுக்கு மேலே எதையோ இழுத்தபோது பல்பு கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தது. டிரைவர் கத்தினார். கரண்டு அவரைக் கீழே கூப்பிட்டார்.

விளக்கு வயரிலிருந்து பிரிந்து ஒரு சிவப்பு வயர் வாலை நோக்கிப் போயிருந்தது. பாதி வழியில் அறுந்து, ஒரு முனை தொங்கியது. அதைப் பிடித்திருந்த கிளிப் இப்போதுதான் கழன்றிருக்க வேண்டும், வண்டி குலுங்கும்போதெல்லாம் அது சட்டத்தில் உரசியிருக்கிறது.

இது யார் கைவேலை என்று கரண்டு கேட்டார். மச்சினன் போட்ட மணி வயர் என்றார் டிரைவர்.

"நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா இது அறுந்து ரொம்ப நாளாச்சு. செம்பு பச்சை புடிச்சிருக்கு பாரு. மழையிலயே போயிருக்கும். அதுக்கப்புறம் அவன் எவ்வளவு அழுத்தினாலும் உனக்கு மணி கேட்டிருக்காது. எழுப்பிக் கேளேன்."

டிரைவர் அந்தப் பச்சை பிடித்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் இல்லண்ணே. போயிட்டான்" என்றார்.

கரண்டு வயரை வெட்டி, முனையைச் சுற்றிக் கட்டி, பத்து ஆம்பியர் பியூஸைப் போட்டார். கேபினில் ஏறி உட்கார், நான் குரல் கொடுக்கும்போது பிரேக்கை மிதி என்று சொல்லிவிட்டு வாலுக்குப் போனார்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தார். மச்சினனின் எண்ணை அத்தனை மாதத்தில் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறார். இந்தத் தடவை மணி போனது.

"மாப்ள, வயரு அறுந்து கெடந்துச்சுடா. நீ அழுத்தியிருக்க."

"அதத்தான் மாமா அன்னைக்கே சொன்னேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் டிரைவர் பதிலுக்கு ஏதாவது சொல்லி, சண்டை போட்டு, கடைசியில் சமாதானமாகியிருப்பார். தப்பு என்மேலதான், திரும்பி வா, படுக்கை அப்படியேதான் கிடக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"வேற வண்டியில சேந்து ரொம்ப நாளாச்சே. அக்கா சொல்லலையா?"

அக்கா சொல்லவில்லை. அவரும் கேட்டதில்லை.

"ஒரு நிமிசம் மாமா, வண்டி பின்னால வருது" என்றான். போனைத் துண்டிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது. வேறொரு இன்ஜினின் இரைச்சல் கேட்டது. அதற்கு மேலே அவன் குரல் எழுந்தது. "வா... வா... இன்னும் வா..." அவனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது டிரைவருக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. யாருக்காகவோ கத்தப் பழகியிருக்கிறான்.

"நில்லு!"

டிரைவரின் கால் பிரேக்கை அழுத்தியது.

"எரியுது, எல்லாம் எரியுது" என்று பின்னாலிருந்து கரண்டு சொன்னார். "போதும், காலை எடு."

அவர் எடுக்கவில்லை.