தாரை வார்க்க வந்த கை

2014 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சவூதியில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த கலியனின் வலது கை மட்டும் நெய்வேலிக்கு வந்து சேர்ந்தது. டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் உள்வாடகைக்கு இருந்த அவன் மனைவி ஆதிலட்சுமி, கதவு தட்டிய விதத்திலேயே யாரென்று கண்டுகொண்டாள். திறந்தால் ஆளில்லை, படியில் மணிக்கட்டுவரை கை இருந்தது. முன்பக்கத்துக் குடித்தனக்காரர் மாடசாமி, நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை, திருநெல்வேலிக்காரர், எட்டிப் பார்த்தார். "கையாவது வந்துச்சே தாயி. எம் மச்சினன் துபாய்ல இருந்து போன்கூடப் போட மாட்டான்" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடினார்.

வரவழைத்தது மகள்தான். இசைப்பிரியாவின் கல்யாணத்தைக் கலியன் ஒரு வருஷமாகப் போனிலேயே நடத்திக்கொண்டிருந்தான். லீவு நாளில் கூப்பிடுவான். ஆதிலட்சுமி ஸ்பீக்கரில் போட்டுப் போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைப்பாள். மண்டபம் வேண்டாம், கோயிலில் தாலி, வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு, இலைக்கு ஒரே இனிப்பு என்று ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டே வந்தவன் கடைசியில் தன்னையும் சுருக்கிவிட்டான். டிக்கெட் காசில் ஊருக்கே சோறு போடலாமாம். "அப்பா கை இல்லாம தாரை வாக்கக் கூடாது. நான் மணையில ஒக்கார மாட்டேன்" என்று இசைப்பிரியா ஒரே பிடியாக நின்றாள். "அழுதுகினு இருக்காதம்மா, கையையாச்சும் அனுப்பி வெக்கிறேன்" என்றான். சொன்னபடி அனுப்பியும் விட்டான். அங்கே கேட்டவர்களிடம், கை ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி இடது கையால் சாப்பிட்டானாம்.

கையை மடியில் எடுத்துப் பார்த்தபோதுதான் ஆதிலட்சுமிக்குப் பகீரென்றது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு இல்லை. போனைப் போட்டு, "வெரலு எங்க?" என்று கேட்டாள். கலியன் கொஞ்ச நேரம் இருமினான்.

"மெஷின்ல பூடுச்சி. அதுக்குக் குடுத்த பணத்துலதான் தாலியும் தோடும் எடுத்தது. புள்ள காதுல போட்டுடாத, கல்யாணமே வேணாம்னு எழுந்து பூடும்."

வாராவாரம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொன்ன வாயும் இதுதானே, பாவி மனுஷன். ஆதிலட்சுமி கையை மஞ்சள் துணியில் சுற்றினாள். வெயில்ல இருந்த கை, தைப் பனி ஒத்துக்காது என்று மகளிடம் சொன்னாள். துணிக்கட்டோடு அது பந்தல்கால்களை ஆட்டிப் பார்த்தது, சமையல்காரர் எண்ணெய் ஊற்றும்போது போதும் என்று தடுத்தது. பிளாக்கில் யாரும் அதை ஒரு அதிசயமாகப் பேசவில்லை.

கல்யாணத்தன்று கோயிலில் தாரை வார்க்கும் நேரத்தில், தண்ணீர் உள்ளங்கையில் படவேண்டும் என்று ஐயர் துணியை அவிழ்க்கச் சொன்னார். மேளம் தானாக நின்றது. இசைப்பிரியா விரல்களை எண்ணினாள், மூன்றுதான்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். கைய நீட்டு, நேரம் போவுது."

அவள் மணையைவிட்டு எழுந்தேவிட்டாள். அப்போது கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிக்கும் அதே பிடி. உட்கார்ந்தாள். ஆதிலட்சுமி செம்பைச் சாய்த்தாள். மகளின் கையை மாப்பிள்ளை அறிவுச்செல்வன் கையில் அது வைத்தது; தண்ணீர் பாதி, விரல் இல்லாத இடைவெளியில் ஒழுகியது. தாலி ஏறியது.

சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை ஊரான குறிஞ்சிப்பாடிக்கு வேன் கிளம்பும்போது கை மகளை விடவில்லை. ஆதிலட்சுமிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். மூன்றே விரல் என்பதால் அதிக நேரம் ஆகவில்லை. வேன் போனதும் கை பந்தல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியது. அன்றைக்கே பிரித்துக் கொடுத்தால் ஒரு நாள் வாடகையோடு போகும்.